அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய விமானங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓய்வுபெற்ற விமானங்களைப் பார்க்கப் போகிறவர்களும், கல்லூரி வாசலிலோ ஊர்ச் சதுக்கத்திலோ ஒரு பழைய விமானத்தை வைத்துப் பராமரிக்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தந்திருக்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நான்கு இடங்களிலிருந்து: விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் நிற்கும் டியு-142 (கடற்படையின் நீர்மூழ்கி வேட்டை விமானம்), கோவா டாபோலிம் விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகம், டெல்லி பாலம் தளத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகம், பெங்களூரு எச்.ஏ.எல். (ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) அருங்காட்சியகம்.

முதல்முறை போகிறோம். எங்கே எதைத் தவறவிடக் கூடாது?

கோவாவில், மூன்று வால் துடுப்புகளோடு நிற்கும் லாக்ஹீட் சூப்பர் கான்ஸ்டலேஷன். ஏர் இந்தியாவில் ‘ராணி ஆஃப் எல்லோரா’ என்ற பெயரில் பயணிகளை ஏற்றிச் சென்றது, பிறகு விமானப்படைக்குப் போனது, 1976-இல் கடல் கண்காணிப்புக்காகக் கடற்படைக்கு வந்தது. ஒற்றைத் துடுப்பு வைத்தால் உயரம் கூடி அக்காலத்து விமானக் கொட்டகைகளுக்குள் நுழையாது. அதனால்தான் துடுப்பை மூன்றாகப் பிரித்தார்கள். அங்கேயே சீ ஹாக், அலிஸே இரண்டையும் நிதானமாகப் பாருங்கள். 1971 போரில் பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த வகைகள் இவை. இறக்கை மடியும் கீல் எங்கே, கப்பல் தளத்தில் குறுக்கே கட்டிய கம்பி வடத்தைப் பிடிக்கும் கொக்கி எங்கே என்று தேடிக் கண்டுபிடியுங்கள். குழந்தைகளோடு போனால் இதுவே அரை மணி நேரத்துக்கு வேலை.

டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் வெஸ்ட்லாண்ட் வாப்பிட்டி. 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் விமானப்படையின் முதல் அணி தொடங்கியபோது அதன் கையில் இருந்த வகை இதுதான். பெங்களூரில் எச்.எஃப்-24 மாருத் போர் விமானம்: ஜெர்மானிய வடிவமைப்பாளர் குர்ட் டாங்க் தலைமையில் உருவாகி 1961 ஜூன் 17 அன்று முதலில் பறந்தது, மொத்தம் 147 செய்தார்கள்.

கோவா அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. பாலம் அருங்காட்சியகம் விமானப்படைத் தளத்தின் பகுதி என்பதால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும். திறந்தவெளியில் நிற்கும் விமானங்களை நண்பகலில் பார்க்காதீர்கள். தகடு கையைச் சுடும். நேர் வெயிலில் ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) வரிசையும் ஒட்டுத் தகடுகளும் கண்ணுக்குத் தெரியாது. காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் அவை எடுப்பாகத் தெரியும்.

விசாகப்பட்டினத்து டியு-142 அரக்கோணத்திலிருந்து போனதா?

ஆம். சோவியத் நாட்டிலிருந்து 1988-இல் எட்டு டியு-142எம் விமானங்கள் கடற்படைக்கு வந்தன. முதலில் கோவாவில் இருந்தன; 1992-இல் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி தளம் தொடங்கப்பட்டதும் அங்கே மாறின. 4 கிலோமீட்டருக்கும் நீளமான ராஜாளியின் ஓடுபாதை இந்த எடைக்குப் பொருத்தமானது: முழு எரிபொருளோடு கிளம்பும்போது விமானம் 185 டன். கால் நூற்றாண்டு காலம் வட மாவட்டத்து மக்கள் அண்ணாந்து பார்த்த அந்த அதிரும் ஓசை இதனுடையதுதான்.

2017 மார்ச் 29 அன்று ராஜாளியில் விடைகொடுத்தார்கள். 29 ஆண்டுகளில் ஒரு விபத்துகூட இல்லை. அடுத்த மாதமே ஒரு விமானம் விசாகப்பட்டினத்துக்குப் பறந்து போய், அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் கையால் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. எதிரிலேயே குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம். வேட்டைக்காரனும் வேட்டைப்பொருளும் சாலையின் இரு பக்கமும் நிற்பதால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது நல்லது. கோவாவின் சூப்பர் கான்ஸ்டலேஷனைப் பறக்கவிட்டதும், பிறகு டியு-142-ஐ வைத்திருந்ததும் கடற்படையின் ஒரே 312-ஆம் விமான அணிதான்.

ஒவ்வொரு என்ஜினிலும் ஏன் இரண்டு அடுக்கு விசிறி?

குஸ்னெட்சோவ் என்.கே-12 என்ஜின் ஒன்று சுமார் 15,000 குதிரைத்திறன் தரும். இவ்வளவு ஆற்றலை ஒரே விசிறியால் காற்றுக்குக் கடத்த வேண்டுமென்றால் விட்டம் மிகப் பெரிதாகி, தரையில் இடிக்கும். அதனால் நான்கு அலகு (இறகு) கொண்ட இரண்டு புரொப்பெல்லர்களை (விசிறிகளை) ஒன்றன்பின் ஒன்றாக வைத்து எதிரெதிர்த் திசையில் சுழற்றினார்கள். முன்னது காற்றைத் திருகிவிடும். பின்னது அந்தத் திருகலை நேராக்கி, வீணாகப் போகும் ஆற்றலையும் உந்துவிசையாக்கும்.

விட்டம் 5.6 மீட்டர். நிமிடத்துக்குச் சுமார் 750 சுற்று என்றால் அலகின் நுனி நொடிக்கு 220 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில், அதாவது நொடிக்கு 222 மீட்டரில் முன்னே போகிறது. இரண்டும் செங்குத்தான திசைகள். சேர்த்தால் நுனியின் மொத்த வேகம் நொடிக்குச் சுமார் 312 மீட்டர். 10 கிலோமீட்டர் உயரத்தில் ஒலியின் வேகம் ஏறக்குறைய 300 மீட்டர்தான். நுனி ஒலியைத் தாண்டுவதால்தான் அந்தப் பெயர்பெற்ற இரைச்சல். அருங்காட்சியகத்தில் அலகுகளுக்குப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் முன்வரிசையும் பின்வரிசையும் எதிரெதிராகத் திருகியிருப்பது தெளிவாகத் தெரியும்.

அதன் உள்ளே போகலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

போகலாம், படிகள் அமைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறுமுன் வெளியே ஒரு சுற்று வந்துவிடுங்கள். மூக்கு முதல் வால் வரை சுமார் 53 மீட்டர், இறக்கை நுனியிலிருந்து நுனி சுமார் 50 மீட்டர். வால் துடுப்பின் உச்சியிலிருந்து பின்னோக்கி நீளும் கழி, கடலுக்கடியில் இருக்கும் இரும்புடல் பூமியின் காந்தப்புலத்தில் உண்டாக்கும் சிறு மாற்றத்தை உணரும் கருவிக்கானது. என்ஜின், மின்கம்பிகள் ஆகியவற்றின் குறுக்கீடு படாமலிருக்க அதை இவ்வளவு தூரம் தள்ளி வைத்தார்கள். வால் முனையில் 23 மி.மீ. இரட்டைத் துப்பாக்கிக்கான கூண்டு உண்டு. பக்கத்துக் காட்சிக்கூடத்தில் நீர்மூழ்கியின் ஓசையைக் கேட்கக் கடலில் போடப்படும் ஒலிமிதவைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனால், அங்குள்ள இருக்கைகளில் யார் என்ன வேலை செய்தார்கள் என்பது விளங்கும்.

இவ்வளவு பெரிய விமானத்தைக் கடற்கரைச் சாலைக்கு எப்படிக் கொண்டுவந்தார்கள்?

பறந்து வந்தது விசாகப்பட்டினத்தின் ஐ.என்.எஸ். டேகா தளம் வரைதான். அங்கே பிரித்து, டிரெய்லர்களில் ஏற்றி, கடற்கரையில் மறுபடி பொருத்தினார்கள்.

பொதுவாக எந்த விமானத்தைப் பிரித்தாலும் வேலையின் வரிசை ஒன்றுதான். முதலில் எரிபொருள், ஹைட்ராலிக் எண்ணெய், பேட்டரி எல்லாம் வெளியே. பிறகு உடலை ஜாக்கி புள்ளிகளில் (ஜாக்கி வைத்துத் தூக்குவதற்கென்றே வலுவாக அமைத்த இடங்களில்) தாங்கி நிறுத்த வேண்டும். அதற்குப் பின்தான் புரொப்பெல்லர், வால் பகுதி, வெளி இறக்கை என்று கழற்ற வேண்டும். இரண்டு இறக்கையிலிருந்தும் மாற்றி மாற்றி எடைகுறைக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றிவிட்டு மறுபக்கத்தை விட்டால் உடல் சாய்ந்துவிடும். என்ஜினைக் கழற்றினால் எடைமையம் இடம் மாறும். மூக்கிலிருந்த ராடாரையோ என்ஜினையோ எடுத்துவிட்டு எதிர் எடை வைக்காததால் விமானம் வால் தரையில் மோத உட்கார்ந்துவிடுவது இந்தத் துறையில் பழகிப்போன விபத்து. மூக்கு அறையில் ஈயக்கட்டியோ மணல்மூட்டையோ வைத்து, எவ்வளவு வைத்தோம் என்று எழுதி ஒட்டிவிடுவது வழக்கம்.

ஒவ்வொரு போல்ட்டையும் அதன் துளை எண்ணோடு துணிப்பையில் போட்டுக் கட்டுங்கள். இறக்கையை உடலோடு இணைக்கும் போல்ட்டுகள் அந்தந்தத் துளைக்கென்று கடைந்து பொருத்தியவை. இடம் மாறினால் நுழையாது, சம்மட்டியால் அடித்து நுழைத்தால் துளை கெட்டுப்போகும்.

உள்ளே என்ஜின் இருக்கிறதா? வெடிக்கக்கூடிய எதுவும் இருக்குமா?

பலவற்றில் என்ஜின் உள்ளேதான் இருக்கிறது. சிலவற்றில் கழற்றிப் பக்கத்தில் காட்சிக்கு வைத்திருப்பார்கள். கவலை தர வேண்டியது என்ஜின் அல்ல. போர் விமானத்தில் விமானியின் இருக்கையையே வெளியே வீசும் வெடிக்குப்பிகள், கேனபியை (விமானியின் தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடியை) பிய்த்தெறியும் வெடிகள், தீயணைப்புக் குடுவையைத் திறக்கும் சிறு வெடித்திரிகள், உயர் அழுத்த ஆக்சிஜன் குடுவைகள் ஆகியவைதான் ஆபத்து. விமானத்தை ஒப்படைக்கும் முன் ராணுவத்தின் ஆயுதப் பிரிவினர் இவற்றை அகற்றிச் சான்று தர வேண்டும். அந்தச் சான்று இல்லாத விமானத்தின் காக்பிட்டுக்குள் (விமானி அறைக்குள்) யாரையும் உட்காரவிடக் கூடாது. மாணவர்களையும்தான், மந்திரிகளையும்தான்.

கடற்படையின் சீ ஹாரியர் போர் விமானத்தின் கேனபிக் கண்ணாடியில் நெளிந்து நெளிந்து ஓடும் வெண்ணிறக் கோட்டைப் பார்த்து ‘விரிசலா?’ என்று பலர் கேட்கிறார்கள். அது வெடிநூல் பதித்த தடம். விமானி கைப்பிடியை இழுத்ததும் இருக்கை மேலே போவதற்கு முன் கண்ணாடியைச் சுக்குநூறாக்குவது அதன் வேலை.

காக்பிட்டில் கதிர்வீச்சு இருக்கும் என்கிறார்களே?

இரண்டாம் உலகப்போர்க் கால விமானங்களிலும் 1950-களின் விமானங்கள் சிலவற்றிலும் அளவிகளின் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த பெயிண்ட் பூசியிருப்பார்கள். இன்று ஒளிராது, ஆனால் ஒளிரும் பொருள்தான் செத்துப்போனதே தவிர ரேடியம் அப்படியே இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கண்ணாடி உடையாத அளவியைப் பார்வையாளர் எட்டி நின்று பார்ப்பதில் பயம் இல்லை. உடைந்த அளவியிலிருந்து உதிரும் தூசி மூச்சில் போவதுதான் கேடு. அதோடு, ரேடியம் வெளியிடும் ரேடான் வாயு மூடிய காக்பிட்டில் தேங்கும். எனவே வேலை தொடங்குமுன் கேனபியைத் திறந்து காற்றோட விடுங்கள். கதிர்வீச்சுமானியால் அளந்து பாருங்கள். அளவியைக் கழற்றிச் சுத்தம் செய்ய முயலவே வேண்டாம். ரஷ்ய வகைகள் சிலவற்றில் பனிபடிவதை உணரும் கருவியில் ஸ்ட்ரான்ஷியம்-90 உண்டு. அது கழற்றப்பட்டதா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

அலுமினியம் துருப்பிடிக்காதே, பின் ஏன் இந்த விமானங்கள் கெட்டுப்போகின்றன?

சமையலறைப் பாத்திரத்து அலுமினியம் வேறு, விமானத்து அலுமினியம் வேறு. வலுவுக்காக இதில் செம்பும் துத்தநாகமும் கலந்திருக்கும். அந்தக் கலவைதான் அரிப்புக்கு வழிவிடுகிறது. தகட்டின் இரு முகத்திலும் மெல்லிய தூய அலுமினியப் படலம் ஒட்டித்தான் தயாரிக்கிறார்கள். ஆனால் வெட்டிய விளிம்பிலும் ரிவெட் துளையிலும் அந்தப் படலம் கிடையாது. அரிப்பு தொடங்குவதும் அங்கேதான்.

கடற்காற்றில் வரும் உப்புத்தூள் தகடுகளின் இடுக்கில் படிகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும், மழையே தேவையில்லை. விசாகப்பட்டினம், கோவா போன்ற ஊர்களில் பெரும்பாலான இரவுகள் இப்படித்தான். கரைந்த உப்புநீர் அலுமினியத் தகட்டையும் எஃகு போல்ட்டையும் இணைத்துவிட்டால் சிறு மின்கலம் உருவாகி அலுமினியம் கரைகிறது. மக்னீசியம் கலவை இன்னும் மோசம். பழைய சக்கர வட்டுகள், கியர்பெட்டி உறைகள் மட்டுமல்ல, சிகோர்ஸ்கி எஸ்-55 ஹெலிகாப்டரின் உடல் தகட்டிலேயே மக்னீசியம் நிறைய உண்டு. அதைக் கூரையில்லாமல் நிறுத்தினால் சில பருவமழைகளிலேயே கையால் உதிர்க்கலாம்.

அரிப்பினால் உண்டாகும் வெள்ளைத்தூள் கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். அது இணைப்புக்குள் சேர்ந்து அழுத்துவதால் ரிவெட்டுகளுக்கிடையே தகடு புடைக்கும். பின்பு ரிவெட் தலைகள் தெறிக்கும். தடித்த உறுப்புகளில் உலோகம் ஏடு ஏடாகப் பிரியும். பார்வையாளராக நீங்கள் பார்க்கக்கூடிய அடையாளங்கள் மூன்று: ரிவெட் வரிசைகளுக்கிடையே மெத்தென்று தெரியும் புடைப்பு, பெயிண்ட் கொப்புளம், வயிற்றுப் பகுதியில் வடிந்து காய்ந்த வெண்கோடு. மூன்றில் எதைக் கண்டாலும் படமெடுத்து அருங்காட்சியகத்தாரிடம் காட்டுங்கள். உண்மையிலேயே உதவும்.

புதிதாகப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடாதா?

ஆகாது. விழாவுக்கு முன் பெயிண்ட் அடிப்பது இந்த விமானங்களுக்குச் செய்யப்படும் பெரிய கெடுதல் என்றே சொல்வோம். அரிப்பின்மேல் பூசிய பெயிண்ட், அரிப்பைக் கண்ணிலிருந்து மறைக்கிறது. ஈரத்தை உள்ளே வைத்து மூடுகிறது. வடிகால் துளைகளை அடைக்கிறது. பழைய எழுத்துகளை அழிக்கிறது. பணம் குறைவாக இருந்தால் முதலில் கூரை போடுங்கள். சுவரில்லாத தகரக் கூரைகூட மழையையும் வெயிலையும் பறவை எச்சத்தையும் தடுக்கும். அடுத்து வடிகால், அதற்கடுத்து கழுவுதல். பெயிண்ட் கடைசி.

பெயிண்ட் அடித்தே தீரவேண்டிய நிலை வந்தால் முறை இது. ஒவ்வொரு எழுத்தையும் குறியையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மேலே ஒளிபுகும் தாள் வைத்து வரைந்து கொள்ளுங்கள். அசல் நிறத்தை வெளித்தகட்டில் தேடாதீர்கள், வெயிலில் வெளிறியிருக்கும். கழற்றும் மூடிகளின் உட்பக்கத்தில் வெயில்படாத நிறம் இருக்கும். பழைய பூச்சை ரசாயனத்தால் எடுக்கலாம், மணல் வீச்சு கூடாது. எஃகுக் கம்பி பிரஷ்ஷும் எஃகு நாரும் கூடவே கூடாது. அவற்றின் துகள் அலுமினியத்தில் பதிந்து புது அரிப்புக்கு வித்தாகும். நைலான் நார் போதும். அரிப்பை வெண்மை தீரும்வரை நீக்கி, அலுமினியத்துக்கான வேதிப்பூச்சு, அதன்மேல் எபாக்சி பிரைமர், அதன்மேல் பாலியூரித்தேன் மேற்பூச்சு என்ற வரிசையில் போங்கள். பழைய பச்சை, மஞ்சள் பிரைமர்களில் புற்றுநோய் தரும் குரோமேட் உண்டு. உலர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. ஈரமாகத் தேய்த்து, முகக்கவசத்தோடு செய்ய வேண்டும்.

எத்தனை நாளுக்கொரு முறை, எப்படிக் கழுவ வேண்டும்?

பறக்கும் விமானங்களுக்கு அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டி வைத்திருக்கும் கணக்கு: வறண்ட இடத்தில் 90 நாளுக்கொரு முறை, நடுத்தர இடத்தில் 45, உப்புக்காற்று வீசும் இடத்தில் 15. நிற்கும் விமானத்துக்கும் இதையே கொள்ளலாம்; பறக்காததால் ஈரம் காற்றில் உலர வாய்ப்பில்லை என்பதை நினைவில் வையுங்கள்.

நல்ல தண்ணீர், காரமோ அமிலமோ இல்லாத சோப்பு, மென்மையான தூரிகை. சோப்பைக் கீழிருந்து மேலாகப் பூசுங்கள். மேலிருந்து பூசினால் வழியும் நீர் காய்ந்த அழுக்கில் கோடு கோடாகக் கறை விடும். அலசுவது மட்டும் மேலிருந்து கீழே. அழுத்தக் குழாயைச் சக்கர பேரிங்கிலும் கீல்களிலும் தகட்டு இணைப்பிலும் நேராகக் காட்டாதீர்கள். கிரீஸ் போய் உள்ளே தண்ணீர் நிற்கும். கழுவி முடித்ததும் வயிற்றிலுள்ள வடிகால் துளைகள் ஒவ்வொன்றிலும் நைலான் கம்பி விட்டுப் பாருங்கள். குளவி மண்ணும் காய்ந்த இலையும் அடைத்திருக்கும். பறக்கும் காலத்தில் இதைக் கவனிக்க ஓர் அணியே இருந்தது. இன்று யாரும் இல்லாததால்தான் உடலின் அடிப்பகுதியில் தண்ணீர் தேங்குகிறது.

தார்ப்பாய் போர்த்தி வைப்பது நல்ல எண்ணம், கெட்ட பலன். அடியில் ஈரம் வேர்க்கும். காற்றில் அடித்து பெயிண்ட்டைத் தேய்க்கும். காற்று உள்ளிழுக்கும் வாய்க்கும் புகைபோக்கிக்கும் கம்பிவலைச் சட்டம் போதும். பறவை நுழையாது, காற்று போகும்.

கேனபிக் கண்ணாடி ஏன் பால்போல மங்கிக் கிடக்கிறது?

அது அக்ரிலிக் பிளாஸ்டிக். வெயிலில் நுண்விரிசல் விடும். வீட்டுக் கண்ணாடி துடைக்கும் அம்மோனியாத் திரவம், ஸ்பிரிட், தின்னர், பெட்ரோல் எதைப் போட்டாலும் அந்த விரிசல் ஒரே நாளில் பெருகும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு, தண்ணீரால் மணலை அலசிவிட்டு, சோப்புநீரில் வெறுங்கையால் தடவி, பருத்தித் துணியால் நேர்கோட்டில் ஒற்றி எடுங்கள். விரிசல் விட்டதை மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது.

வாம்பையர் விமானத்தை மட்டும் வெளியே வைக்கக் கூடாது என்பது ஏன்?

1948-இல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஜெட் அது. ஜெட் என்றாலும் விமானி உட்காரும் உடற்பகுதி பால்சா மரத்தை நடுவில் வைத்து இருபுறமும் ஒட்டுப்பலகை ஒட்டியது. இறக்கையும் இரட்டை வால் தண்டுகளும்தான் உலோகம். மழைநீர் புகுந்தால் பால்சா ஊறும், பசை விடும், கரையான் ஏறும். வெளியே பெயிண்ட் பளபளவென்றிருக்க உள்ளே கூழாகியிருக்கும். விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் கணீரென்றும் கெட்ட இடத்தில் மந்தமாகவும் கேட்கும். துணி போர்த்திய விமானங்களுக்கும் கூரை கட்டாயம். வெயிலின் புற ஊதாக்கதிர் துணியின் வலுவைத் தின்றுவிடும். கட்டடத்துக்குள் வைத்தாலும் சன்னல் வெயில் விழாத இடம் பார்க்க வேண்டும்.

சில விமானங்கள் டயரில் நிற்காமல் இரும்புத் தாங்கிகளில் நிற்பது ஏன்?

டயரில் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் எடை அழுந்தினால் அது தட்டையாகிப் பக்கச் சுவர் வெடிக்கும். சக்கரக்கால்களில் உள்ள நைட்ரஜனும் எண்ணெயும் மெல்லக் கசிந்து, ஒரு கால் மட்டும் இறங்கி, விமானம் சாயும். எனவே ஜாக்கி புள்ளியில் தாங்கி கொடுத்து, டயர் தரையைத் தொட்டும் தொடாமலும் வைப்பார்கள். சிலர் டயருக்குள் ரப்பர் நுரை நிரப்புவதும் உண்டு.

ஓர் எச்சரிக்கை. கார் டயரில் அழுத்தம் 30 முதல் 35 பி.எஸ்.ஐ.; போர் விமான டயரில் 200-ஐத் தாண்டுவது சாதாரணம். சக்கர வட்டு இரண்டு பாதிகளாகப் போல்ட் போட்டு இணைத்தது. காற்றை முழுதாக இறக்காமல் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தினால் பாதி வட்டு குண்டுபோலப் பாயும். உயிர்ப்பலி வாங்கும் வேலை இது.

புயலில் நிற்கும் விமானம் பறந்துவிடுமா?

சிறியது கிளம்பிவிடும். எச்.டி-2 பயிற்சி விமானத்தின் இறக்கைப் பரப்பு சுமார் 16 சதுர மீட்டர், வெற்று எடை சுமார் 700 கிலோ. மணிக்கு 100 கிலோமீட்டர் காற்று எதிர்முகமாக வந்தால், மூக்குத் தூக்கிய நிலையில் அந்த இறக்கை 750 கிலோ வரை தூக்கும். கணக்கு அவ்வளவுதான். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தைத் தாக்கிய ஹுட்ஹுட் போன்ற புயலில் காற்று இதைவிட மிக அதிகம். அழுத்தம் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், வேகம் இரட்டித்தால் தூக்குவிசை நான்கு மடங்கு.

மூன்று புள்ளிகளிலாவது எஃகு வடத்தால் தரையில் பதித்த வளையங்களோடு கட்ட வேண்டும். வால் சுக்கானும் இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்புகளும் அசையாமல் பூட்ட வேண்டும். பூட்டாவிட்டால் காற்றில் அடித்து அடித்துக் கீல் முறியும். கயிறு வேண்டாம்.

விமானத்தின் மேலுள்ள எண் அசல்தானா என்று எப்படித் தெரியும்?

பெயிண்ட்டில் எழுதியதை நம்ப முடியாது. இரண்டு மூன்று சேதமான விமானங்களின் பாகங்களை இணைத்து ஒன்றாக்குவதும், புகழ்பெற்ற ஒன்றின் எண்ணை வேறொன்றில் எழுதுவதும் உலகெங்கும் நடப்பதே. சக்கரக்குழி, காக்பிட், என்ஜின் அறை இவற்றில் ரிவெட் செய்த தயாரிப்புத் தகட்டைப் பாருங்கள். அதிலுள்ள எண்தான் விமானத்தின் பிறப்புச் சான்று. இறக்கையில் ஓர் எண், உடலில் வேறோர் எண் இருந்தால் கலவை. அதில் குற்றமில்லை, விளக்கப் பலகையில் சொல்லிவிட வேண்டும்.

டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கும் பி-24 லிபரேட்டரின் வரலாறே ஒட்டுப்போட்டதுதான். உலகப்போர் முடிந்ததும் நேச நாட்டுப் படைகள் கான்பூரில் இந்த வகைக் குண்டுவீச்சு விமானங்களை வேண்டுமென்றே உடைத்துப் போட்டுப் போயின. எச்.ஏ.எல். பொறியாளர்கள் அவற்றைப் பறக்கக்கூடிய அளவுக்கு ஒட்டுப்போட்டு, பெங்களூருக்குப் பறக்கவிட்டு, முழுதாகப் புதுப்பித்தார்கள். 1948 முதல் 1968 இறுதிவரை விமானப்படையில் அவை பறந்தன. இன்று லண்டன், ஒட்டாவா, அரிசோனா அருங்காட்சியகங்களில் நிற்கும் லிபரேட்டர்கள் இந்தியா கொடுத்தவை. அமெரிக்கா ஆயிரக்கணக்கில் செய்து உருக்கிவிட்ட விமானத்தை, உடைந்ததிலிருந்து காப்பாற்றி வைத்தவர்கள் பெங்களூர்த் தொழிலாளர்கள். விளக்கப் பலகைகளில் இது இன்னும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும்.

இவற்றை மீண்டும் பறக்கவைக்க முடியுமா?

சிலவற்றை முடியும். 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைகளை இறக்கிய டகோட்டா வகையில் ஒன்று, ‘பரசுராமா’ என்ற பெயரில் பிரிட்டனில் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் இந்தியாவுக்குப் பறந்தே வந்தது. டகோட்டாவுக்கு உதிரிபாகமும் தெரிந்த ஆட்களும் இன்னும் உண்டு. டியு-142-க்கு அது சாத்தியமில்லை: பிரித்துப் பொருத்தியபின் இறக்கை இணைப்புகளுக்குப் பறக்கும் தகுதிச் சான்று கிடையாது, ரப்பர்க் குழாய்களும் எரிபொருள் தொட்டி அடைப்பான்களும் காய்ந்துபோயிருக்கும். பறக்கவைப்பது என்றால் அசல் பாகங்களைப் புதிதாக மாற்றிக்கொண்டே போகவும் வேண்டும். ஒரே ஒரு விமானம்தான் மிச்சமிருக்கிறது என்றால் பறக்கவிடாமல் அப்படியே காப்பதே சரி.

எங்கள் கல்லூரியில் ஒரு பழைய விமானம் நிற்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

அது வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். குரோம்பேட்டை எம்.ஐ.டி. (மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) கல்லூரியில் நிறுத்தியிருந்த இரண்டு ஓய்வுபெற்ற விமானங்களின் பக்கத்தில் நெடுநேரம் உட்கார்ந்திருந்ததுதான் தன்னை விமானப் பொறியியலுக்கு இழுத்தது என்று அப்துல் கலாம் எழுதியிருக்கிறார்.

முதல் வாரத்தில் வெடிபொருள் அகற்றிய சான்றைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் காக்பிட்டைப் பூட்டிவிட்டு, கொடுத்த படைப்பிரிவுக்குக் கடிதம் எழுதுங்கள். சுற்றிவந்து நூறு படம் எடுத்து, எடுத்த இடமும் தேதியும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு எது மோசமாகியிருக்கிறது என்று ஒப்பிட இதைவிட்டால் வழியில்லை. அடியிலுள்ள புல்லை அகற்றுங்கள், அது இரவு முழுதும் ஈரத்தைக் கக்கும். நீர் வெளியே ஓடும் சரிவோடு கான்கிரீட் தளம் போடுங்கள். வடிகால் துளைகளைத் திறங்கள், கூடுகளை அகற்றி வலை போடுங்கள். ‘மிதிக்காதே’ என்று எழுதிய இறக்கை மடிப்புகளில் யாரையும் ஏறவிடாதீர்கள். அந்தத் தகடு ஒரு மில்லிமீட்டர்கூட இராது. தூணில் ஏற்றி நிறுத்திய விமானமாக இருந்தால், தூணும் உடலும் சேரும் இடத்தை ஆண்டுக்கொரு முறை கிரேன் கூடையில் ஏறிப் பார்க்க வேண்டும். எஃகும் அலுமினியமும் சேரும் இடம் என்பதால் அரிப்பு அங்கேதான் முதலில் வரும். அதற்கான செலவை இந்த ஆண்டுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள், கூரைக்கான தொகையோடு சேர்த்து.